நீ சார்ஜ் போட மறக்கவில்லை

இன்று காலை கடையில் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. நாமக்கல்லில் அந்த நாற்றத்துக்கு யாரும் தலையைத் திருப்ப மாட்டார்கள். முட்டை வண்டி ஏதாவது பள்ளத்தில் இறங்கி ஏறியிருக்கும், நாலு தட்டு உடைந்திருக்கும் என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். நானும் முதலில் சாலையைத்தான் எட்டிப் பார்த்தேன். வண்டி எதுவும் இல்லை. திரும்பினால் உன் சக்கர நாற்காலி நின்றது. அதன் சீட்டுக்கு அடியிலிருந்த பேட்டரிகளுக்கு அரை மணி நேரம் முன்புதான் சார்ஜர் மாட்டியிருந்தேன். ஒன்றின் பக்கம் உப்பியிருந்தது, கை வைத்தால் சுட்டது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. எட்டு மாதமும் நாற்காலி உன் வீட்டு வராந்தாவில் துணி போர்த்தியபடி நின்றிருக்கிறது. இந்த மூடிய வகை பேட்டரிக்குப் பட்டினி ஆகாது. காலியாகக் கிடந்தால் உள்ளே ஈயத் தகட்டின் மேல் உப்புப் படிந்து இறுகிவிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் வாங்காது, சூடுதான் ஏறும். உன் மகள் கோமதி நேற்று அதை ஒரு சின்ன வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். "சேந்தமங்கலத்துல ரேவதின்னு ஒரு தையக்காரப் பொண்ணுங்க மாமா, கால் வராது. அதுக்குக் குடுத்தர்லாம்னு இருக்கேன். பேட்டரி மட்டும் பாத்து மாத்திக் குடுத்தீங்கன்னா போதும்" என்றாள்.

பேட்டரி பார்த்து மாற்றிக் கொடுப்பது. உனக்கு நான் தெரியாமல் செய்து கெடுத்த வேலை அதுதான். நாற்றம் அடங்கும்வரை கடை வாசலில் நின்றேன். இதே நாற்றத்தை நீ ஒரு நாள் என்னிடம் சொன்னாய், நான் சிரித்தேன். உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. நீ இருக்கும்போது வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நமக்கு இருபது வயதில் தொடங்கிய பழக்கம். நீ லாரி ஓட்டினாய், நான் லாரிகளுக்கு வயரிங் செய்தேன். பாடி கட்டும் பட்டறையிலிருந்து புது வண்டி வெளியே வந்தால் ஹெட்லைட், ஹாரன், பாட்டு எல்லாம் என் வேலை. வண்டியை எடுக்க வரும் மற்ற டிரைவர்கள் டயரை உதைத்துப் பார்ப்பார்கள். நீ ஏறி உட்கார்ந்து ரேடியோவைத் திருகுவாய். சத்தம் கரகரத்தால் இறங்கி வந்து, "மாப்ள, வண்டி ஓடுதா இல்லையான்னு கம்பெனி பாத்துக்கட்டும். பாட்டு ஓடலைன்னா நான் எடுக்க மாட்டேன்" என்பாய். உன்னளவுக்கு என் வேலையை மதித்தவர்கள் யாரும் இல்லை. அதனால்தான் கடைசிவரை உன் முன்னால் என் வேலையில் குறை இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள முடியாமல் போனது.

பருத்தி லோடின் மேலேறித் தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து நீ விழுந்ததும், முதுகெலும்பு போனதும், இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பாததும் ஊருக்கே தெரியும். ஆஸ்பத்திரியில் கொடுத்த தள்ளுவண்டி நாற்காலியில் உன்னை வாசலைத் தாண்டி வெளியே கொண்டுவர யாராலும் முடியவில்லை. கோமதி கெஞ்சினாள், அவள் புருஷன் கெஞ்சினான், நான் திட்டியே பார்த்தேன். "தள்ளி ஸ்டார்ட் பண்ற வண்டியாடா நானு?" என்று கேட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். செல்ஃப் எடுக்காத லாரியை நாலு பேர் தள்ளுவதை வாழ்நாளெல்லாம் கேலி செய்தவன் நீ.

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு பெரியவர் தவறிப்போய், அவருடைய பேட்டரி நாற்காலி சும்மா கிடப்பதாகக் கேள்விப்பட்டு நான்தான் போய்க் கொண்டுவந்தேன். கைப்பிடியில் ஒரு சின்னக் குச்சி. முன்னால் சாய்த்தால் முன்னால் போகும், விட்டால் நிற்கும். நீ அதில் உட்கார்ந்து தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தாய். என் முன்னால் நிறுத்திவிட்டு, "கிளட்சு இல்லை, கியர் இல்லை. இதுக்கு லைசென்சு கேப்பாங்களாடா?" என்றாய். விழுந்த பிறகு நீ சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஒரு மாதத்தில் எடை மேடையில் வேலைக்குச் சேர்ந்தாய். வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர், நடுவில் மெயின் ரோட்டைக் கடக்க வேண்டும். லாரி மேடையில் ஏறும், நீ ஜன்னலுக்குள்ளிருந்து எடைச்சீட்டு அடித்துக் கொடுப்பாய். பாதி டிரைவர்கள் உன்னோடு ஓடியவர்கள். காலையில் தனியாகப் போவாய், மதியம் சாப்பிடத் தனியாக வருவாய், மறுபடி தனியாகப் போவாய். கூட யாராவது நடந்து வந்தால் வேகத்தைக் கூட்டி அவர்களை விட்டுவிட்டுப் போய்விடுவாய். அந்தத் தனியாக என்ற சொல்தான் உனக்குக் கால்.

சித்திரை மாதம் எடை மேடை அறையில் வெந்துபோகிறாய் என்று நாற்காலியில் ஒரு சின்ன ஃபேன் வைத்துக் கொடுத்தேன். கூடவே ரேடியோ, போன் சார்ஜர். யாரும் கேட்கவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட ஆசை. நாற்காலியில் லாரி மாதிரியே பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இரண்டு. இரண்டையும் சேர்த்து இருபத்துநான்கு. ஃபேனுக்கும் ரேடியோவுக்கும் பன்னிரண்டுதான் வேண்டும். முறைப்படி செய்தால் இரண்டுக்கும் பொதுவாக எடுத்து, வோல்ட்டைக் குறைக்கும் ஒரு சின்னப் பெட்டி வைக்க வேண்டும். இந்த ஊரில் எந்த லாரியில் நாங்கள் அந்தப் பெட்டியை வைத்தோம்? ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயரை இழுத்துப் பாட்டுக்குக் கொடுப்போம், அவ்வளவுதான். லாரி நாளெல்லாம் ஓடும், ஓட ஓடச் சார்ஜ் ஏறும், ஒரு பேட்டரி கொஞ்சம் முன்னால் சாகும். செத்ததை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டு வண்டியை அனுப்புவோம். முப்பது வருஷப் பழக்கத்தில் உன் நாற்காலிக்கும் அதையே செய்தேன்.

நாற்காலி லாரி அல்ல. ஓடும்போது அதற்குச் சார்ஜ் ஏறாது, இருப்பதிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். ஃபேன் மாட்டிய பேட்டரி தினமும் மற்றதைவிட அதிகமாகக் காலியாகும். மாலையில் சார்ஜர் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கணக்காகத்தான் ஊட்டும். இளைத்தது நிறைவதற்குள் கொழுத்தது நிறைந்து வழியும். ஒன்று பட்டினியிலும் மற்றது திகட்டியும் கெடும். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

ஆறு மாதத்தில் நாற்காலி மேட்டில் திணறியது. நான் பார்த்தேன், ஒன்று சோர்ந்திருந்தது. அதை மட்டும் எடுத்துவிட்டு, கடையில் இருந்த ஒன்றைப் போட்டேன். பன்னிரண்டு வோல்ட், முப்பத்தைந்து ஆம்பியர், இரண்டிலும் ஒரே எண். அளவும் அப்படியே உட்கார்ந்தது. அது கரண்டு போனால் மட்டும் விழித்துக்கொள்ளும் அலாரங்களுக்கும் கம்ப்யூட்டர்களுக்கும் செய்யப்பட்டது என்று அதன் முதுகில் பொடி எழுத்தில் எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை. ஃபேன் வயரையும் அதே பக்கத்தில் மாட்டிவிட்டேன்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு நாள் நீ கடைக்கு வந்து சொன்னாய். "மாப்ள, பொழுதோட சார்ஜ் போட்டா ஊட்டுல அழுகின முட்டை நாத்தம் அடிக்குதுடா."

நான் சிரித்தேன். "நாமக்கல்லுல முட்டை நாத்தம் அடிக்காம மல்லிப்பூ வாசமா அடிக்கும்?"

"இல்லடா, சார்ஜு போட்டாத்தான் அடிக்குது."

"உன்ற ஊட்டுக்குப் பின்னாடி கோழிப்பண்ணை இருக்குது. காத்து அந்தப் பக்கமிருந்து வந்தா அடிக்கத்தான் செய்யும். போடா, போயி எடையைப் போடு."

நீ போய்விட்டாய். வேறு எந்த ஊர்க்காரன் கேட்டிருந்தாலும் பேட்டரியைக் கழற்றிப் பார்த்திருப்பான். திகட்டிப்போன பேட்டரி விடும் மூச்சு அது என்று எனக்குத் தெரியாததில்லை. லாரி பேட்டரிகளில் எத்தனையோ முறை முகர்ந்திருக்கிறேன். ஆனால் மூடி சீல் வைத்த பேட்டரி நாறாது என்று ஒரு நினைப்பு, முட்டை ஊரில் முட்டை நாற்றம் இயல்பு என்று ஒரு நினைப்பு. இரண்டும் சேர்ந்து என் மூக்கை அடைத்துவிட்டன.

பிறகு அந்த மதியம் வந்தது. சாப்பிட வீட்டுக்கு வரும் வழியில், மெயின் ரோட்டின் நட்ட நடுவில் நாற்காலி நின்றுவிட்டது. கரண்டு போனால் அதன் சக்கரங்கள் தானாகப் பூட்டிக்கொள்ளும். அதை விடுவிக்கப் பின்னால் ஒரு நெம்புகோல் உண்டு, உட்கார்ந்திருப்பவனுக்கு எட்டாது, தள்ள வந்தவர்களுக்குத் தெரியாது. திருச்செங்கோட்டிலிருந்து வந்த லாரி ஒன்று உன் காலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றதாம். தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை. கடைசியில் முன்பின் தெரியாத மூன்று பேர் உன்னைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி ஓரமாகக் கொண்டுபோனார்கள். இரண்டு பக்கமும் லாரிகள் நின்று ஹாரன் அடித்தன. எடை மேடையில் தினம் உன்னிடம் சீட்டு வாங்கும் டிரைவர்கள் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் வந்தபோது நீ வேப்பமரத்தடியில் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தாய். யாரோ வாங்கித் தந்த சோடாவைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாய். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்.

"மாப்ள, நேத்துப் பொழுதோட நான் சார்ஜ் போட மறந்துட்டேன் போல இருக்குது. போட்ட மாதிரிதான் ஞாபகம். போடலை போல."

நான், "இருக்கட்டும், பாக்கலாம்" என்றேன்.

கடைக்குக் கொண்டுவந்து மீட்டர் வைத்தேன். ஃபேன் மாட்டிய பேட்டரி பத்து வோல்ட்டுக்குச் சற்று மேலே. மற்றது பதின்மூன்று. இரண்டுக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி இருந்தால் அது ஒரு நாள் மறதியில் வருவதில்லை. இன்னொன்றும் எனக்குத் தெரியும். நல்ல பேட்டரியாக இருந்தால் நீ உண்மையிலேயே ஒரு நாள் மறந்திருந்தாலும் நாற்காலி நிற்காது. நீ தினம் ஓடும் தூரத்துக்கு இரண்டு நாள் சார்ஜ் போடாமலே ஓடும். உனக்கு அது தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். ஃபேன் வயரைக் கட்டரால் துண்டித்து, முனையில் டேப் சுற்றி, உள்ளே தள்ளிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ விதமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். உனக்கு என் வேலைமேல் நம்பிக்கை போய்விடும், அப்புறம் நாற்காலியிலேயே ஏற மாட்டாய் என்று பயந்தேன் என்பது அதில் ஒன்று. அது பொய். கௌரவம். வேறொன்றும் இல்லை. இந்த ஊரில் வயரிங் என்றால் என் பெயரைச் சொல்வார்கள். ஒரு நாற்காலிக்குப் பேட்டரி போடத் தெரியாதவன் என்று உன் வாயால் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

புதுப் பேட்டரி தேடி அடுத்த நாளே சேலம் போனேன். கடையில் இருந்த பெண்ணிடம் எண்ணைச் சொன்னேன். அவள் எடுத்துத் தரவில்லை. "ஏனுங்கண்ணா, தெனமும் காலியாகித் தெனமும் ரொம்பறதா, இல்லை கரண்டு போனா மட்டும் வேலை செய்யறதா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நான் முப்பது வருஷத்தில் யாரிடமும் கேட்டதில்லை. தினமும் காலியாவதற்குத் தகடு தடிமனாக உள்ளது வேண்டும் என்றாள். சார்ஜர் எந்த வகைக்கானது என்று கேட்டாள். இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், ஒரே கம்பெனி, ஒரே தேதி. அலமாரியில் மாதக்கணக்கில் தூங்கியதை வாங்கக் கூடாது. போல்ட் எந்தப் பக்கம் வருகிறது, கம்பி எட்டுமா என்று பார்க்க வேண்டும். பேட்டரியைத் திருப்பி, முதுகில் இருந்த பொடி எழுத்தை விரலால் காட்டினாள். நான் கண்ணாடியை எடுத்துப் போட்டுப் படித்தேன். வெட்கமாக இருந்தது.

சரியான ஜோடியைப் போட்டு நாற்காலியைக் கொண்டுவந்தபோது காலம் கடந்திருந்தது. கோமதி முடிவு செய்துவிட்டிருந்தாள். "அப்பாவுக்கு மறதி வந்துருச்சுங்க மாமா. லாரிக்காரன் பிரேக்கு போடலைன்னா என்னங்க ஆயிருக்கும்? இனித் தனியா உட மாட்டனுங்க." அவளைக் குறை சொல்ல முடியாது. அப்பனை ரோட்டில் பறிகொடுக்க இருந்தவள், பயந்தாள். நீ எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குப் பெரிய அடி. தள்ளுவண்டிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டவன், அன்று தலையை ஆட்டினாய். நான் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

எடை மேடை வேலை போனது. அதன் பிறகு நீ வெளியே போனால் மருமகனோ பேத்தியோ நாற்காலிக்குப் பின்னால் நடந்து வருவார்கள். நீ வேகத்தைக் கூட்டவில்லை. மறதி என்று ஒரு பெயர் வைத்துவிட்டால் எல்லாமே மறதிதான். கண்ணாடியைத் தேடினால் மறதி, ஒரு கதையை இரண்டாம் முறை சொன்னால் மறதி. நீயே உன்னைச் சந்தேகப்பட ஆரம்பித்தாய். "இதை உங்கிட்டச் சொல்லீட்டனா மாப்ள?" என்று கேட்டுவிட்டுத்தான் எதையும் சொல்வாய். ஹைதராபாத்துக்கு எத்தனை சுங்கச்சாவடி என்று வரிசையாகச் சொல்லக்கூடியவன். வாரம் ஒரு முறை உன்னைப் பார்க்க வந்தேன். ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிடலாம் என்று கிளம்பி, சொல்லாமல் திரும்பினேன். இரண்டு வருஷம்.

மேலே உள்ளதை எழுதி நிறுத்தி ஒன்பது நாள் ஆகிறது. இடையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

ரேவதியின் நாற்காலிக்குச் சேலத்துக்கே போய், அதே பெண்ணிடம் புதிதாக ஒரு ஜோடி எடுத்து வந்தேன். முழுக்கச் சார்ஜ் ஏற்றி, ஒரு நாள் சும்மா வைத்து, பிறகு மீட்டர் பார்த்தேன். சும்மா இருக்கும்போது எந்தப் பேட்டரியும் நல்ல பிள்ளைதான். சுமை கொடுத்தால்தான் குணம் தெரியும். கார் ஹெட்லைட் பல்பு ஒன்றை ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம் எரியவிட்டு, இறக்கம் இரண்டிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று குறித்துக்கொண்டேன். சீட்டுக்கு அடியில் பேட்டரிப் பெட்டியில் இறக்கும்போது கையில் அது தட்டுப்பட்டது. டேப் சுற்றிய அந்த வயர்த்துண்டு. அன்றிலிருந்து உன் சீட்டுக்கு அடியிலேயே இருந்திருக்கிறது. நீ அதன் மேலேயே உட்கார்ந்து உன்னைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாய்.

கோமதி நாற்காலியை எடுக்க வந்தபோது அதைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன். "கோமதி, அன்னைக்கு உங்கப்பன் சார்ஜ் போட மறக்கலை சாமி. இந்த வயரை நான் தப்பா இழுத்தேன். ஒரு பேட்டரியை மட்டும் மாத்துனேன், அதுவும் தப்பான பேட்டரி. அதனாலதான் வண்டி நின்னுச்சு. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

அவள் முதலில் வயரைத்தான் பார்த்தாள். பிறகு என்னை. நான் திட்டுக்குக் காத்திருந்தேன். உன்னைப்போல அவளுக்கும் குரல் உயராது.

"அவரு இருக்கையில சொல்லியிருந்தீங்கன்னா, நான் அவரைத் தனியா உட்டிருப்பனுங்களே மாமா" என்றாள்.

நாற்காலியை எடுக்காமலே போய்விட்டாள். உன் பெயரைத் துடைக்கப் போய் அவள் தலையில் ஒரு பாரத்தை ஏற்றிவிட்டேன் என்று தெரியும். இனி அவள் உன்னை அதட்டிய ஒவ்வொரு நாளையும் நினைப்பாள். சொல்லாமலே விட்டிருக்கலாமோ என்று அன்று முழுக்க யோசித்தேன். ஆனால் உன் பேத்தி தன் பிள்ளைகளிடம் எங்க தாத்தாவுக்கு மறதி என்று சொல்வாளே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் வந்தாள். கையில் இரண்டு பழைய காலண்டர், சுருட்டி ரப்பர் போட்டது. "இது உங்ககிட்ட இருக்கட்டுங்க" என்று மேசையில் வைத்தாள். ஜவுளிக்கடையில் கொடுக்கும் சாதாரண மாதக் காலண்டர்தான். நான் பிரித்தேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்த அந்த நாளுக்கு மறுநாளிலிருந்து, ஒவ்வொரு தேதியிலும் நீல மையில் ஒரு சின்ன டிக். தீபாவளியன்றும் டிக். காய்ச்சலில் படுத்திருந்த வாரத்திலும் டிக். ஒரு தேதிகூடத் தவறவில்லை. சார்ஜ் போட்டதும் நீ போட்ட குறி. மறந்துவிடக் கூடாது என்று, மறக்காத ஒன்றுக்காக, இரண்டு வருஷம்.

கடைசிப் பன்னிரண்டு நாளின் டிக் வேறு கை. பெரிதாக, சாய்வாக இருந்தது. நான் கோமதியைப் பார்த்தேன்.

"அது நான் போட்டதுங்க. ஆஸ்பத்திரியிலிருந்து தெனமும் பொழுதோட போன் பண்ணுவாருங்க. 'நாற்காலிக்குச் சார்ஜ் போட்டியா சாமி, போட்டுக் குறிச்சு வெச்சிரு. இல்லைன்னா மறுக்கா மறந்துட்டேன்னு மாமன் நெனைப்பான்'னு."

நான் அப்படி ஒரு நாளும் நினைத்ததில்லை. நினைக்காதவன் நான் ஒருவன்தான் இந்த ஊரில். அதை உன்னிடம் சொல்ல வேண்டியவனும் நான் ஒருவன்தான். கோமதி முன்னால் அழுதேன். அவள் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. சற்று நேரம் கழித்து, "வண்டி வந்துருச்சுங்க மாமா, ஏத்தீர்லாமுங்களா" என்றாள். இருவருமாக ஏற்றினோம்.

சேந்தமங்கலத்தில் ரேவதியின் வீட்டு வாசலில் நாற்காலியை இறக்கி, குச்சியைப் பிடிக்கும் விதம் சொல்லிக் கொடுத்தேன். நெம்புகோலுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, எப்படி விடுவிப்பது என்று பெரிய எழுத்தில் பின்னால் எழுதி வைத்திருக்கிறேன், தள்ள வருபவர்களுக்குத் தெரிய. வெயிலில் நிறுத்தாதே, காலியாகப் போட்டு வைக்காதே, நாற்றம் வந்தால் முட்டை என்று நினைக்காதே என்றேன். அவள் சிரித்தாள். ஃபேன் கேட்டாள். வைத்திருக்கிறேன், இரண்டு பேட்டரிக்கும் பொதுவாக, சின்னப் பெட்டியோடு. அவள் அம்மா கூடவே நடக்கப் போனாள். ரேவதி வேகத்தைக் கூட்டிவிட்டாள். நான் கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்று காலை அவளிடமிருந்து போன் வந்தது. குரல் பதறியிருந்தது.

"அண்ணா, தப்புப் பண்ணீட்டனுங்க. நேத்துப் பொழுதோட சார்ஜ் போட மறந்துட்டேன். இன்னைக்குத் தையக்கடைக்குப் போலாமுங்களா? நடுரோட்டுல நின்னுக்குமுங்களா?"

"நிக்காது சாமி. தாராளமாப் போ. ஒரு நாள் மறந்தா ஒண்ணும் ஆவாது. எப்பவாச்சும் நின்னுச்சுன்னா அது என்ற வேலையில இருக்கற குறை. நீ மறந்ததால இல்லை. எனக்குப் போன் போடு, நான் வாரேன்."

"செரிங்ணா" என்றாள். போனை அணைக்காமல் மடியில் வைத்துவிட்டாள் போலிருக்கிறது. மோட்டார் இரைவது கேட்டது, வாசல் கேட் கிரீச்சிடுவது கேட்டது, பிறகு தெருவின் சத்தம்.

எவ்வளவு எளிதாக வந்துவிட்டது பார். அன்று வேப்பமரத்தடியில் நீ சாக்கின் மேல் உட்கார்ந்து, சோடாவைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டு சொன்னபோது என் வாயிலிருந்து வர வேண்டியது இதுதான். வந்தது, "இருக்கட்டும், பாக்கலாம்." அந்த இரண்டு சொல்லை நான் இன்னும் இறக்கி வைக்கவில்லை.